இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 அதிகமாக வந்தால் பயப்பட வேண்டுமா?

அறிக்கையில் அந்த எண் தடித்த எழுத்தில் இருந்திருக்கும், நீங்களும் இணையத்தில் தேடித் தேடிப் புற்றுநோய் வரைக்கும் போயிருப்பீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: பி12 ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறீர்களா?

என் அம்மாவுக்குப் பாதங்களில் மதமதப்பு. பி12 குறைவு என்று ஊசி போட்டுவந்தார்கள். மறுபரிசோதனையில் '2000-க்கு மேல்' என்று வந்தது. கருவி அதற்கு மேல் அளக்காதாம். உச்சவரம்பே ஏறக்குறைய 900 பிகோகிராம்தான். வெளியூரில் இருக்கும் தம்பி போனிலேயே, "ஊசியை நிறுத்து, கல்லீரல் போய்விடும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டான். மருத்துவர் தாளைப் பார்த்தார். "கடைசி ஊசி எப்போது?" என்றார். போன வாரம் என்றேன். "பிறகு ஏறாமல் என்ன செய்யும்?" என்று மடித்துக் கையில் கொடுத்துவிட்டார். ஊசி தொடர்ந்தது, மதமதப்பும் குறைந்தது. தம்பிக்கு இன்னும் மனம் ஆறவில்லை. பெற்றவர்களை ஆய்வகத்துக்கு அழைத்துப்போவது ஒருவர், ஆலோசனை சொல்வது இன்னொருவர் என்று எல்லா வீட்டிலும் எழுதிவைத்திருக்கிறது போலும்.

நான் மருத்துவர் இல்லை. 'நீ யார் சொல்ல?' என்று கிளம்பப்போகிறவர்களுக்கு இப்போதே ஒரு கும்பிடு. அதிகமாக இருந்தால் கவலையே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஊசி, மாத்திரை, சத்து பானம் எதுவுமே இல்லாமல் பி12 மறுபடியும் உயர்ந்தே வந்தால், 'சத்துதானே, சிறுநீரில் போய்விடும்' என்று விட்டுவிடாதீர்கள். கல்லீரல், சிறுநீரகக் கோளாறுகளிலும் சில இரத்த நோய்களிலும் அது ஏறும். அந்தப் பரிசோதனைகளைச் செய்து பார்ப்பதுதான் முறை.

உங்களுக்கு ஏறியிருப்பது வைட்டமின் டி என்றால் கதை வேறு. அது கொழுப்பில் கரைவது, மாத்திரையை நிறுத்தினாலும் சுலபத்தில் இறங்காது. நச்சாவது பெரும்பாலும் 150 நானோகிராமுக்கு மேல்தான். ஆனால் 100-ஐத் தாண்டியதுமே கால்சியத்தையும் பார்த்துவிடுவது நல்லது. தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல் இருந்தால் காத்திருக்காதீர்கள். அதற்கும் முன்னால் அலகைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் நானோமோலில் தருகின்றன. அங்கே 100 என்றால் வெறும் 40 நானோகிராம்தான்.

முடி உதிர்வுக்குப் பயோட்டின் மாத்திரை விழுங்குகிறவராக இருந்தால் இரத்தம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். தைராய்டு முடிவையே அது புரட்டிப்போட்டுவிடும்.