ரெண்டு மின்ஸ்கூட்டரும் 12.5 கிலோதான், கைக்கு மட்டும் ஏன் வேறாகத் தெரிகிறது?

ஷாவ்மி எம்365, நைன்பாட் இஎஸ்2 என்ற இரண்டு மடக்கு மின்ஸ்கூட்டரில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் மூன்றாம் மாடி வீடு, தினமும் அதைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் போர்ட் லூயி என்றால் எம்365தான் உங்களுக்கு.

கடையில் இஎஸ்2 உங்களுக்குக் கனமாகப் பட்டதற்குக் காரணம் பேட்டரி இருக்கும் இடமாக இருக்கும். இஎஸ்2-இல் பேட்டரி கைப்பிடித் தண்டுக்குள்ளே, மோட்டாரும் முன்சக்கரத்திலேயே. மடித்துத் தூக்கினால் முன்பக்கம் கீழே இழுக்கும். எம்365-இலும் மோட்டார் முன்னால்தான், ஆனால் பேட்டரி மிதிபலகைக்கு அடியில். அதனால் தண்டைப் பிடித்தால் ஓரளவு சமமாகத் தொங்கும்.

மறுபடி கடைக்குப் போய் இரண்டையும் மடித்து, ஒற்றைக் கையால் தூக்கி இரண்டு நிமிஷம் சும்மா நில்லுங்கள். தோளில் பையும் இருக்கட்டும், வேலைக்கு வெறுங்கையோடா போகிறீர்கள்? எந்தப் பக்கம் சாய்கிறது என்று மணிக்கட்டே சொல்லிவிடும்.

ஒன்று: எம்365-க்குக் காற்று டயர், 8.5 அங்குலம். பஞ்சரானால் அந்தச் சின்னச் சக்கரத்தில் ட்யூப் மாற்றுவது பெரும்பாடு. இஎஸ்2-க்குக் கெட்டி டயர், பஞ்சரே கிடையாது. ஆனால் மழைக்குப் பேர்போன குரேபீப் ஊரின் ஈரச் சாலையில் அதை நம்பி வளைவில் திரும்ப மாட்டேன்.

ரொட்ரீக்சு தீவுக்கு விமானத்தில் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பயணிகள் விமானத்தில் பேட்டரியின் கொள்ளளவுக்கு 160 வாட்-மணிதான் உச்சவரம்பு, இவை இரண்டின் பேட்டரியும் அதைத் தாண்டும்.