பழைய ரோடு சைக்கிள் வாங்கலாமா? கேள்வி பதில்

சின்ன பட்ஜெட்டில் செகண்ட்ஹேண்ட் சைக்கிள் தேடுகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒல்லி டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் உள்ள ரேஸ் சைக்கிளைத்தான் சொல்கிறேன். மோட்டார் பைக் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும்.

கையில் இருக்கிற பணம் முழுவதையும் சைக்கிளுக்கே போட்டுவிடலாமா?

வேண்டாம். நாலில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். வருஷக்கணக்கில் மூலையில் நின்ற சைக்கிளில் டயரின் பக்கவாட்டு ரப்பர் வெடித்திருக்கும், பிரேக் கட்டை கல்லாக இறுகியிருக்கும், கேபிள் துருப்பிடித்திருக்கும். விற்பவர் சொல்லும் விலையோடு இந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள், அதுதான் நிஜ விலை. "சின்ன வேலைதான், சர்வீஸ் பண்ணினால் போதும்" என்று யாராவது சொன்னால், அந்தச் சின்ன வேலையை அவரே ஏன் முடித்து வைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

அண்ணா, எனக்கு ரிப்பேர் ஒன்றும் தெரியாது. நேரில் போனதும் முதலில் எதைப் பார்ப்பது?

பிரேமை. மற்றதெல்லாம் மாற்றக்கூடியவை. ஹேண்டில்பாருக்குக் கீழிருந்து பெடல் அச்சுக்குச் சரிந்து இறங்கும் தடித்த குழாய் இருக்கிறது அல்லவா, அது முன்னால் ஒட்டும் இடத்திலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி, அடிப்பக்கம் தடவிப் பாருங்கள். சைக்கிள் எதிலாவது நேராக மோதியிருந்தால் அந்த இடம் லேசாக மடிந்து, பெயிண்ட் சுருங்கின தோல் மாதிரி வரிவரியாக நிற்கும். கண் ஏமாந்தாலும் விரல் கண்டுபிடித்துவிடும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் அலை இன்னும் தெளிவாகத் தெரியும். அலை இருந்தால் பேரமே வேண்டாம், வந்துவிடுங்கள்.

அப்புறம் பக்கவாட்டில் நின்று, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைப் பாருங்கள். அது பின்னால் தள்ளப்பட்ட மாதிரி இருந்தாலும் அதே கதைதான்.

செயின் தேய்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அங்குலம் குறித்த டேப் ஒன்று போதும். செயின் கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னின் மையத்தில் பூஜ்யத்தை வையுங்கள். அங்கிருந்து 24ஆவது பின்னின் மையம் புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டிவிட்டால் செயினை மாற்ற வேண்டும். 3 மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் பின்பக்கப் பல்சக்கரங்களும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது பல்லில் நிற்காமல் நழுவும்.

இதைவிடப் பெரிய செலவு சக்கரம்தான். சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். கொஞ்சம் ஆடினால் கவலையில்லை, கோட்டம் எடுத்துவிடலாம். ஆனால் கட்டை உரசும் ரிம்மின் பக்கச்சுவர் உள்வாங்கிப் பள்ளமாக இருந்தால் அந்த ரிம்மின் ஆயுள் முடிந்தது.

கார்பன் பிரேம் ஒன்று அடிமாட்டு விலைக்கு வருகிறது. எடுக்கலாமா?

நான் எடுக்கமாட்டேன். நாணயத்தால் தட்டிச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். மந்தமாகக் கேட்டால் சந்தேகப்படலாம், கணீரென்று கேட்டதற்காக நம்பிவிடக் கூடாது. உள்ளே கார்பன் அடுக்குகள் ஒட்டு விட்டுப்போயிருப்பது வெளியே தெரியாமலே இருக்கலாம். பட்ஜெட் இறுக்கமென்றால் ஸ்டீல் அல்லது அலுமினியம் பாருங்கள்.

என் உயரம் 157 செ.மீ. எல்லாருமே பெரிய சைஸ்தான் விற்கிறார்கள். சீட்டை இறக்கிக்கொண்டால் சரியாகிவிடாதா, சார்?

ஆகாதும்மா. சீட் இறங்கினாலும் ஹேண்டில் கிட்டே வராது. சுவரில் சாய்ந்து நின்று, கால் இடுக்கில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மேலே அழுத்தி வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை 0.67ஆல் பெருக்குங்கள். கால் அளவு 72 செ.மீ. என்றால் ஏறக்குறைய 48 செ.மீ. பிரேம். மேல் குழாய் படுக்கையாக இருக்கும் பழைய சைக்கிள்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். சரிந்த குழாய் என்றால் ஓட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம்மை மாற்றி ஒன்றிரண்டு செ.மீ. சரிக்கட்டலாம், அதற்கு மேல் முடியாது.

டயரில் 27 × 1¼ என்று போட்டிருக்கிறது. 700சி டயர் பொருந்துமா?

பொருந்தாது. 27 அங்குலம், 700 மி.மீ. என்று பெயரைப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்று போலத் தோன்றும். ஆனால் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 27 × 1¼இல் 630 மி.மீ., 700சியில் 622. சக்கரத்தையே 700சிக்கு மாற்றலாம், பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க இடம் இருந்தால்.

கியர் மாறவில்லை. "அட்ஜஸ்ட்மென்ட்தான்" என்கிறார் விற்பவர்.

இருக்கலாம். நெம்புகோல் "டிக்" சத்தமே இல்லாமல் வெறுமனே ஆடினால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் இறுகியிருக்கும். கழுவி எண்ணெய் விட்டால் பல நேரம் உயிர் வரும். ஆனால் அந்த நம்பிக்கைக்குக் காசு கொடுக்காதீர்கள், வேலை செய்யாத கியர் என்றே விலை பேசுங்கள். பின்பக்கப் பல்சக்கரங்கள் எத்தனை என்றும் எண்ணுங்கள். 11ஐ விட 8 அல்லது 9 இருப்பதே உங்களுக்கு நல்லது, செயினும் பல்சக்கரமும் மலிவாகக் கிடைக்கும். ஷிமானோ கம்பெனியின் கிளாரிஸ் கியர் என்றால் 8.

சீட்டை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டுமா? அவ்வளவு தொந்தரவு கொடுத்தால் விற்பவர் கோபிக்கமாட்டாரா?

கோபிக்கட்டும். நான் முதலில் வாங்கிய பழைய சைக்கிள் பளபளவென்று இருந்தது. சீட் நாலு விரல் தாழ்வு, வீட்டில் போய் ஏற்றிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். ஸ்டீல் பிரேமுக்குள் அலுமினிய சீட் கம்பம். வியர்வையும் மழைநீரும் இறங்கி இரண்டும் ஒன்றோடொன்று இறுகிப்போயிருந்தன. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்தேன், பைப் ரெஞ்ச் போட்டேன், கடைசியில் கம்பத்தை அறுத்து, உள்ளே ரம்பத்தின் வெறும் பிளேடை விட்டு மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கீறி எடுத்தேன். நட்டைத் தளர்த்தி ஒரு தடவை சீட்டைத் திருகிப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

திருட்டு சைக்கிளாக இருந்தால்?

சைக்கிளைக் கவிழ்த்துப் பெடல் அச்சின் அடியைப் பாருங்கள். பிரேம் எண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதைச் சுரண்டி எடுத்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள்.