பாசிக்குப் போகும் அக்காவுக்கு, மகளின் படிப்பு பற்றி

அக்கா, நேற்று நம் சின்னப்பாலம் கரையில் கடல்பாசி மூட்டையை இறக்கிவிட்டு நேரே என்னிடம் வந்தீர்கள். விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. "நீட்ல மார்க் வரல தம்பி, இன்னொரு வருசம் கோச்சிங் போடவா? இவ என்னமோ நெஞ்சுத் துடிப்ப ஆராய்ச்சி பண்ணணும்ங்கிறா" என்றீர்கள். மகளிடம் பேசாமல் பதில் சொல்ல மனம் வரவில்லை. இன்று பேசிவிட்டேன்.

லீவு நாளில் உங்களோடு வந்தபோது, நீங்கள் முங்கி எழுந்து வல்லத்தில், படகில் ஏறியதும் மணிக்கட்டைப் பிடித்து எண்ணியிருக்கிறாள். அவள் நோட்டில் தேதிவாரியாக ஒரு பக்கம் முழுக்க எண்கள். "அம்மா முங்குறதும் இளைப்பாறுறதும் விட்டுவிட்டுச் செய்யுற உடற்பயிற்சி மாதிரிதானே சார்?" என்று கேட்டாள். பாதிதான் சரி. நீருக்குள் மூச்சடக்கும்போது துடிப்பு குறையும். நான்கு நிமிடம் வேகமாக ஓடி மூன்று நிமிடம் நிதானிக்கும் இடைவெளிப் பயிற்சியில், ஓடும்போது துடிப்பு உச்சத்தை நெருங்கும். இதைச் சொன்னதும், "அப்போ நான் எழுந்த பிறகு மட்டும் எண்ணினது போதாது" என்று தன் பிழையைத் தானே பிடித்தாள். அக்கா, ஆய்வுக்கு இந்தப் புத்திதான் முதல்.

பயிற்சியில் இதயம் எப்படி மாறுகிறது என்று அவள் கேட்பது சின்னக் கேள்வி இல்லை. இதயத் தசைச் செல்கள் 25 வயதில்கூட ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதமே புதிதாகின்றன. பயிற்சி செய்தால் பெரும்பாலும் இருக்கிற செல்தான் வளர்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வெளிவரும் கால்சியத்தை அது வேகமாகத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. நார்வேயில் எலிகளிடம் இதைப் பார்த்தார்கள். 2007-ல் அங்கே 27 இதயச் செயலிழப்பு நோயாளிகளைச் சோதித்தபோது, உடல் பயன்படுத்தும் உச்ச ஆக்சிஜன் அளவு இடைவெளிப் பயிற்சியில் 46 சதவீதமும் மிதமான பயிற்சியில் 14 சதவீதமும் கூடியது. 2017-ல் பல மருத்துவமனைகள் சேர்ந்து 261 பேரிடம் பார்த்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஏன் என்று தேட இன்னும் ஆட்கள் வேண்டும்.

வழி நீளம், மறைக்க மாட்டேன். பி.எஸ்சி. உயிர்வேதியியல் மூன்று வருடம், எம்.எஸ்சி. இரண்டு, பிறகு பிஎச்.டி. ஐந்து வருடம் போலாகும். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. எம்.எஸ்சி.க்குப் பிறகு எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு மாணவர் தகுதி கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், அதனால் பி.எஸ்சி. படிக்கும்போது அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கேட்கலாம்.

வீட்டுக்குச் சீக்கிரம் சம்பளம் வேண்டுமென்றால் பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி. ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் எடுக்கிற வேலை. ஆனால் என்னைக் கேட்டால் உயிர்வேதியியல்தான். கோச்சிங் வேண்டாம்; டாக்டராக ஆசையா என்று இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் இல்லை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கான தாள்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.