ஞாயிற்றுக்கிழமை வராத வயிற்றுவலி

வணக்கம் அம்மா,

என் மகனுக்கு ஏழு வயது. பெரம்பூரில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு மாதமாகக் காலை ஏழு மணியானால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறான். ஏழேகாலுக்கு வேன் வரும். சனி, ஞாயிறு வலி கிடையாது. ஸ்கேன் எடுத்தாயிற்று, பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். பயந்திருக்கிறான், மந்திரித்துக் கயிறு கட்டு என்கிறார் என் அம்மா. நடிக்கிறான் என்று நினைத்து நான் ஒரு நாள் அடித்தும்விட்டேன். இப்போது கவுன்சலரிடம் காட்டச் சொல்லிப் பள்ளி டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதிலிருந்து என் மனைவிக்குத் தூக்கமில்லை. இந்த வயதில் மனநலம் என்றெல்லாம் உண்டா? நாங்கள் அடி வாங்கித்தானே படித்தோம்? பையனைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டிவருமோ என்று பயமாக இருக்கிறது. பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி. பையன் பயந்துதான் இருக்கிறான். கயிறு கட்டுவதிலும் கெடுதல் இல்லை, பாட்டியின் கை பட்டால் சில பிள்ளைகளுக்குத் தெம்பு வரும். ஆனால் எதற்குப் பயந்தான் என்பதைக் கயிறு சொல்லாது.

கடன் கொடுத்தவரிடமிருந்து போன் வந்தால் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பிள்ளை வீடு திரும்ப நேரமானால் வயிறு கலங்குகிறது. வந்து சேர்ந்தாள் என்று கேட்டதும் வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கிறது. நாள் முழுக்க இப்படிப் பேசுகிற நாம், ஏழு வயதுப் பிள்ளை வேன் வருகிற நேரத்தில் வயிறு வலிக்கிறது என்றால் நடிப்பு என்கிறோம். குடலைச் சுற்றிக் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. மனம் பதறினால் அவையும் பதறும். வலி நிஜம். பயமாக இருக்கிறது என்று சொல்ல அவனுக்கு இன்னும் வரவில்லை, வயிறு முந்திக்கொள்கிறது. அடித்ததற்கு இன்று இரவே அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்பா மன்னிப்புக் கேட்டால் குறைந்துவிட மாட்டார்.

என் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் வீட்டிலும் இதே கதை. யார் அடித்தார்கள், மிஸ் திட்டினார்களா என்று போலீஸ் ஸ்டேஷன் போல உட்காரவைத்து விசாரித்தேன். ஒன்றுமில்லை என்பதுதான் ஒரே பதில். மூன்று வாரம் கழித்து ஒரு மாலை அவள் பையை வாங்கித் தோளில் மாட்டினேன். கனத்தது. தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பியபடியே இருந்தது. ஒழுகாமலிருக்க மூடியில் நான் சுற்றிவிட்ட ரப்பர் பாண்டைக்கூடக் கழற்றவில்லை. மறுநாளும் அப்படியே. ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நின்றபடி வருவாள். புரசைவாக்கம் சிக்னலில் நிற்கும்போது, "தண்ணீர் பாட்டில் பிடிக்கவில்லையா?" என்று மட்டும் கேட்டேன். முகம் பார்க்காமல் கேட்டதாலோ என்னவோ, சொன்னாள். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் தள்ளித் திறந்துவிட்டுச் சிரிக்கிறார்கள்.

காலை எட்டு மணியிலிருந்து மூன்று மணிவரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் வலிக்காது? அந்தப் பள்ளியின் சுவரெல்லாம் தன்னம்பிக்கை வாசகங்கள். தாழ்ப்பாளுக்குத்தான் காசில்லை. நான்கு முறை போய்ச் சண்டை பிடித்த பிறகு போட்டார்கள். வலி அன்றே போய்விடவில்லை, தேய்ந்து மறையப் பத்து நாள் பிடித்தது.

உங்கள் பையனுக்கும் தாழ்ப்பாள்தான் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கிழமை வலி அதிகம், அன்று என்ன பீரியட், வேனில் பக்கத்தில் யார், டிபன் பாக்ஸ் எப்படித் திரும்பி வருகிறது என்று பாருங்கள். டைரியில் எழுதிய ஆசிரியையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவராவது கவனித்திருக்கிறார். தனியாகப் போய்ப் பேசுங்கள். காலையில் அவன் உள்ளே நுழையும்போது பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் வேண்டும், ஆயாவானாலும் வாட்ச்மேனானாலும் சரி. தொடக்கப் பள்ளியில் மனநலம் என்பதில் முக்கால் பங்கு இதுதான் என்பது என் கட்சி.

காலையில் சாப்பிட்டுவிட்டு வேன் ஏறுகிறானா? அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் விரிந்தது. அதை நான் மனநலத் திட்டமாகவே பார்க்கிறேன். பசித்த பிள்ளை சிடுசிடுக்கும். எங்கள் தெரு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமாத் தட்டோடும் சிநேகிதர்களோடும் நாள் தொடங்குகிறது. உங்கள் பிள்ளைக்கு வேன் ஹாரனோடு.

அடி வாங்கிப் படித்தோம் என்கிறீர்கள். அடிக்குப் பயந்து பாதியில் நின்றவர்கள் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதை மட்டுமல்ல, மனதைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது.

கீழ்ப்பாக்கம் விஷயத்துக்கு வருகிறேன். சென்னைக்காரர்களுக்கு அது ஒரு பேட்டையின் பெயராக இருந்ததைவிட வசவாக இருந்ததுதான் அதிகம். பஸ்ஸில் கீழ்ப்பாக்கத்துக்கு டிக்கெட் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் சிரித்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். 1794இல் தொடங்கிய மருத்துவமனைக்கு நாம் செய்த மரியாதை அவ்வளவுதான். கவுன்சலர் உங்கள் பையனோடு உட்கார்ந்து படம் வரைவார், விளையாடுவார், பேச்சுக் கொடுப்பார். தயக்கமாக இருந்தால் முதலில் நீங்களும் மனைவியும் மட்டும் போங்கள். அதற்கும் தயக்கம் என்றால் 14416, டெலி மானஸ் என்கிற மனநல உதவித் தொலைபேசி. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

வலி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ எடை குறைந்தாலோ மறுபடியும் குழந்தை மருத்துவரிடம் போங்கள். நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் திரும்பினால், விளையாடப் போவதையே விட்டுவிட்டால், சாவைப் பற்றிப் பேசினால், என் பதிலுக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். லீவு போட்டு வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். நாளாக ஆகப் பள்ளி வாசல் தூரமாகிவிடும். மதியம் வரையாவது போய் வரட்டும்.

ஒரு வாரம் வேனை நிறுத்திவிட்டு நீங்களே வண்டியில் கொண்டுபோய் விட முடியுமா? அலுவலகத்தில் அரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள். போகும் வழியில் கேள்வி எதுவும் வேண்டாம். அவனாக ஏதாவது சொன்னால் தலையைத் திருப்பாமல் கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் பாட்டிலை ஒரு முறை தூக்கிப் பாருங்கள்.