நஞ்சுக்கொடி தங்கிய மாடும் செலினியம் பாட்டிலும்

கேள்வி: தாராபுரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் செவ்வல் மண்ணில் கோ-4 தீவனப்புல் இருக்கிறது. ஜெர்சி கலப்பின மாடுகள் நான்கு. இந்த வருசம் ஈன்றதில் இரண்டு மாட்டுக்கு மறுநாள் வரை நஞ்சுக்கொடி விழவில்லை. ஒன்றுக்கு ஆள் வைத்துக் கையை விட்டு எடுத்ததில் காய்ச்சல் கண்டு பால் பாதியாகிவிட்டது. "மண்ணில் செலினியம் இல்லை, அதனால் புல்லிலும் இல்லை" என்று உரக்கடையில் சொல்லி, பாசனத் தண்ணீரில் கலந்துவிட ஒரு திரவம் தருகிறார்கள். லிட்டர் 1,400 ரூபாய். விடலாமா ஐயா?

பதில்: விட வேண்டாம் அம்மா. வாங்கிவிட்டீர்கள் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செலினியம் என்ற, துளியளவே தேவைப்படும் தாதுவும் வைட்டமின் ஈ-யும் குறைந்த மாட்டுக்கு நஞ்சுக்கொடி தங்கும் என்பது உண்மைதான். செவ்வல் மண்ணில் இருக்கும் இரும்பு, செலினியத்தின் ஒரு வடிவத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது. சுண்ணாம்பு மண்ணில் அது வேறு வடிவத்தில் கரைந்து நிற்கும். ஆனால் வேருக்குள் அது நுழைவது கந்தகம் நுழையும் அதே வாசல் வழியாக. கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்ட காட்டில் அடுத்துப் புல் நட்டால், ஜிப்சத்தில் உள்ள கந்தகம் முந்திக்கொள்ளும். யூரியா போட்டுத் தண்ணீர் கட்டி மளமளவென்று வளர்த்த புல்லில் இருக்கிற கொஞ்சமும் நீர்த்துப் போகும். ஆகவே உங்கள் புல்லில் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் மண்வள அட்டையில் வரும் 12 அளவுகளில் செலினியமே கிடையாது. எதைப் பார்த்து அந்தக் கடைக்காரர் 'இல்லை' என்றார்?

அளவைப் பாருங்கள். நாளுக்குப் பத்து கிலோ உலர்பொருள் (ஈரம் நீக்கிய தீவன எடை) தின்னும் மாட்டுக்குத் தேவையான செலினியம் 3 மில்லிகிராம். ஒரு எள்ளை எடுத்து உள்ளங்கையில் வையுங்கள், ஏறக்குறைய அந்த எடைதான். அதே மாடு தினமும் 50 மில்லிகிராம், அதாவது பதினாறு பதினேழு எள்ளு எடைக்குத் தொடர்ந்து தின்றால் குளம்பு வெடிக்கும், வால் மயிர் கொட்டும். பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கத்து எருமைகளுக்கு இதுதான் நடந்தது. சிவாலிக் குன்றுகளிலிருந்து ஓடைகள் அடித்துவந்த வண்டலில் செலினியம் மிகுந்து, தீவனத்தில் ஏறிவிட்டது. அங்கே அதைக் குறைக்கத்தான் ஜிப்சம் போடச் சொன்னது பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம். பின்லாந்தில் 1984இல் முடிவெடுத்து உரத்தில் செலினியம் கலந்தார்கள். ஒரு கிலோ உரத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு வைத்து, பயிரையும் பாலையும் விடாமல் அளந்துகொண்டே செய்தார்கள். மூடியால் அளந்து வாய்க்காலில் ஊற்றுகிற விஷயம் இல்லை இது.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். பால் வற்றிய பிறகு அந்த இரண்டு மாடுகளுக்கும் என்ன போட்டீர்கள்? நான் போகிற கொட்டகைகளில் பெரும்பாலும் கறக்கிற மாட்டுக்குத்தான் பச்சையும் தவிடும் பிண்ணாக்கும். வற்றின மாடு கடைசியில் கட்டப்பட்டு வைக்கோலை மென்றுகொண்டிருக்கும். காசு வராத மாட்டுக்குச் செலவு எதற்கு என்ற நினைப்பு. வயிற்றில் கன்று வேகமாக வளர்வது அந்தக் கடைசி இரண்டு மாதத்தில்தான். காய்ந்து மாதக்கணக்கில் போரில் கிடந்த வைக்கோலில் வைட்டமின் ஈ அநேகமாக மிஞ்சாது, பசும்புல்லில் தாராளமாக இருக்கும். நான்கு மாட்டில் பச்சையை முதலில் யாருக்குப் போடுவது என்று என்னைக் கேட்டால், நிறைசினை மாட்டுக்குத்தான் என்பேன். இதை இருபது பேரிடம் சொன்னால் இரண்டு பேர் கேட்கிறார்கள்.

தாது உப்புக் கலவை தினம் 50 கிராம் வையுங்கள். பையின் பின்புறம் செலினியம் அளவு அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். செலினியம் உள்ள பொருள் இரண்டை ஒன்றாகக் கொடுக்காதீர்கள். ஈனுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு செலினியம்-வைட்டமின் ஈ ஊசி தேவையா என்பதைக் கால்நடை மருத்துவரே சொல்லட்டும்.

இன்னொன்று, அந்தக் கன்றுகள் நாள் நிறைந்து பிறந்தவைதானா? ஏழு, எட்டு மாதத்தில் வீசியிருந்தால் புருசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். கையை விட்டு எடுத்தவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சலோ மூட்டுவலியோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மாட்டு விஷயத்தையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். மாட்டின் ரத்தத்தைச் சோதிக்க இந்த வாரமே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். இனி எந்த மாட்டுக்கும் கொடி பன்னிரண்டு மணி நேரத்தில் விழாவிட்டால், யாரும் கையை விடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.