முட்டி உங்களுடையது, லீவு மகளுக்கா?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 43 வயது, எடை 70 கிலோ. மதுரை செல்லூரில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம், 18 படி. வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். ஆறு மாதமாக வலது முட்டியில் வலி. படி இறங்கும்போது உயிர் போகிறது. மிஷினில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் காலை நீட்ட முடியவில்லை. மடக்கினால் நறநறவென்று சத்தம். முட்டிச் சில்லுக்கு அடியில் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, இரண்டாம் நிலை என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதி, பிசியோதெரபிக்கும் போகச் சொன்னார். ஒரு தடவைக்கு 300 ரூபாய் கேட்டார்கள், இரண்டு தடவையோடு நிறுத்திவிட்டேன். இப்போது நான் கீழேயே இறங்குவதில்லை. மகள் பி.எஸ்சி. இரண்டாம் வருடம், மூன்று மாதமாகக் காலேஜுக்குப் போகாமல் எனக்கு ஒத்தாசையாக இருக்கிறாள், தங்கமான பிள்ளை. மகனுக்குக் கம்பெனி வேலை, அவனை ஒன்றும் சொல்ல முடியாது. தேய்ந்த ஜவ்வு திரும்ப வளருமா? ஆபரேஷன் வரை போகுமா? புத்தூர் கட்டுப் போடலாமா? நல்ல தைலம் இருந்தால் சொல்லுங்கள் அக்கா.

பெயர் வேண்டாம், செல்லூர்.
(எழுதியது: மகள்)

*

முட்டி வலிக் கடிதம் எனக்குப் புதிதில்லை, தங்கச்சி. மாதம் நாலைந்து வரும். எல்லாவற்றிலும் ஜவ்வு இருக்கும், தைலம் இருக்கும், ஆபரேஷன் பயம் இருக்கும். உங்கள் கடிதத்தையும் அந்தக் கட்டில் சேர்க்கப் போனவள், 'தங்கமான பிள்ளை' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அப்புறம் கடைசியில் பொடி எழுத்தில், 'எழுதியது: மகள்'.

அதாவது நீங்கள் சொல்லச் சொல்ல அந்தப் பெண் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். தன் படிப்பு நின்றுபோனதையும் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள், அடித்தல் திருத்தல் இல்லாமல். அதை எழுதும்போது அவள் முகத்தைப் பார்த்தீர்களா? ஊசியைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருப்பீர்கள்.

மூன்று மாதம் என்பது கிட்டத்தட்ட ஒரு செமஸ்டர். 75 சதவீதம் வருகைப் பதிவு இல்லையென்றால் பரீட்சை எழுதுவதே சிக்கல். இது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவளுக்கு நன்றாகத் தெரியும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வேறு வந்துகொண்டிருக்கும். அது படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கிற பணம். அம்மா காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவதற்குக் கொடுப்பதில்லை.

என் பெரியம்மாவுக்கு இழுப்பு. ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று மூத்த மகளை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தினார். 'கொஞ்ச நாளைக்குத்தான்' என்றுதான் நிறுத்தினார். பெரியம்மா 84 வயது வரை இருந்தார், நன்றாகவே இருந்தார். அந்த அக்கா போன வருடம் எங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை உறைகளில் முகவரி எழுதிக் கொடுத்தாள். குண்டு குண்டாக, கோட்டை விட்டு இறங்காமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எழுத்து. அவளுக்கு இப்போது 61 வயது. உங்கள் மகளின் எழுத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த உறைகள்தான் ஞாபகம் வந்தன.

சரி, முட்டிக்கு வருவோம். மகளை வீட்டில் நிறுத்தியது உங்கள் முட்டிக்காவது நல்லது செய்ததா என்றால், அதுவும் இல்லை.

தொடை எலும்பின் நுனியில் ஒரு பள்ளம் இருக்கிறது. காலை மடக்கி நீட்டும்போது முட்டிச் சில்லு அந்தப் பள்ளத்தில் மேலும் கீழும் ஓடும், உங்கள் மிஷினில் பிரஷர் ஃபுட்டுக்கு அடியில் துணி ஓடுவதுபோல. வழுக்கிக்கொண்டு ஓடத்தான் சில்லுக்கு அடியில் வழவழவென்று குருத்தெலும்பு பூசியிருக்கிறது. உடம்பிலேயே மிகத் தடிமனான குருத்தெலும்புகளில் அது ஒன்று. அதில் ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பு இல்லாததால் அதற்கு வலிக்கவும் தெரியாது. உங்களுக்கு வலிப்பது அதன் அடியில் இருக்கிற எலும்பும், சுற்றியுள்ள சவ்வும் கொழுப்புத் திசுவும் தாங்க முடியாமல் போடுகிற கூச்சல். அதனால்தான் ஸ்கேனில் உங்களைவிட அதிகம் தேய்ந்திருக்கும் ஒருத்தி வலியே இல்லாமல் திருப்பரங்குன்றம் கிரிவலம் போய்விட்டு வருகிறாள். 'இரண்டாம் நிலை' என்பதை ஜாதகத்தில் வந்த தோஷம் மாதிரி தூக்கிக்கொண்டு திரியாதீர்கள்.

ரத்தம் போகாத இடத்துக்குச் சாப்பாடு எப்படிப் போகும்? மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான். காலை ஊன்றும்போது பஞ்சைப் பிழிவதுபோல அமுங்கி, எடுக்கும்போது உறிஞ்சிக்கொள்ளும். நடந்தால்தான் அதற்குச் சோறு. நீங்கள் மூன்று மாதமாகக் கீழேயே இறங்காமல் அதைப் பட்டினி போட்டிருக்கிறீர்கள்.

அதைவிடப் பெரிய நஷ்டம் தொடையில். சில்லைப் பள்ளத்தில் நேராக ஓட வைப்பதும், படி இறங்கும்போது உடம்புப் பாரத்தை வாங்கிக்கொள்வதும் தொடையின் முன்பக்கத் தசை. அதற்குத் துணை இடுப்பின் பக்கவாட்டுத் தசை. மாவுக்கட்டு பிரித்த காலைப் பார்த்திருப்பீர்களே, ஒன்றரை மாதத்தில் சூம்பிப் போயிருக்கும். கட்டே போடாமல் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். மகள் தண்ணீர் பிடிக்கிறாள், மகள் கடைக்குப் போகிறாள், மகள் கை கொடுத்து எழுப்பிவிடுகிறாள். அவள் ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் உங்கள் தொடைத் தசைக்கு ஒரு வேலை குறைகிறது. தசை இளைக்க இளைக்கப் படி இறங்கும்போது பாரம் முழுக்கச் சில்லின் மேல். வலி கூடுகிறது. உடனே 'இன்னும் கொஞ்ச நாள் லீவு போடு.'

கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். சமதரையில் நடந்தால் சில்லின் மேல் விழும் அழுத்தம் உடம்பு எடையில் ஏறக்குறைய பாதி. உங்களுக்கு 35 கிலோ. படி ஏறி இறங்கினால் மூன்று மடங்குக்கு மேல், 200 கிலோவைத் தாண்டும். முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் ஏழு மடங்கு வரை போகும். ஆளுக்கு ஆள் இது மாறும், ஆனால் வரிசை மாறாது. ஆகவே இப்போதைக்கு விட வேண்டியவை குத்துக்காலும், சம்மணம் போட்டு நெடுநேரம் உட்காருவதும். கழிப்பறை தரையோடு இருந்தால் மேலே வைக்கிற ஸ்டூல் ஒன்று வாங்கிப் போடுங்கள். நடையை மட்டும் விடாதீர்கள். ஆடி வீதியைச் சுற்றி வந்தால் போதும், சமதரை, மீனாட்சியையும் பார்த்த மாதிரி இருக்கும்.

படியில் இறங்குவதற்கும் வழி இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இறங்கும்போது வலிக்கிற வலது காலை முதலில் வையுங்கள். ஏறும்போது நல்ல இடது காலை. ஒவ்வொரு படியாக, இரண்டு காலும் சேர்ந்த பிறகு அடுத்தது. 18 படிக்கு இரண்டு நிமிடம் ஆகட்டுமே, உங்களை யாரும் பந்தயத்துக்குக் கூப்பிடவில்லை.

300 ரூபாய்க்காக பிசியோதெரபியை நிறுத்தினேன் என்கிறீர்கள். செல்லூரில் உட்கார்ந்துகொண்டா இதைச் சொல்கிறீர்கள்? பனகல் சாலையில் அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது, ஷேர் ஆட்டோவில் போகிற தூரம். அங்கே பிசியோதெரபிப் பிரிவு உண்டு, 300 ரூபாய் யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டுக்கே வந்து செய்துவிடுகிற மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து நடக்கிறது, ஆனால் அது படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு முதலில் கிடைக்கட்டும். நீங்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டியவர் இல்லை.

அங்கே என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, முட்டியின் பின்பக்கத்தால் அதை அமுக்க வேண்டும். தொடை கல்லு மாதிரி இறுக வேண்டும், ஐந்து எண்ணும் வரை. பத்துத் தடவை. பிறகு மல்லாந்து படுத்து இடது காலை மடக்கி ஊன்றிக்கொண்டு, வலது காலை மடக்காமல் ஓர் அடி தூக்கி மெதுவாக இறக்குவது. ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது இடுப்புத் தசைக்கு; எல்லாரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாதது இதுதான். கொஞ்சம் தேறிய பிறகு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, தாழ்வான ஒரு படியில் ஏறி இறங்குவது. செய்யும்போது பத்துக்கு மூன்று மார்க் வலி இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலையில் அது பழையபடி தணிந்திருக்க வேண்டும். தணியவில்லையென்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். மகளை வீட்டில் வைத்துக்கொண்ட அதே மூன்று மாதம்தான்.

தையலை விடச் சொல்லமாட்டேன், அது உங்கள் சொந்தக் காசு. ஆனால் முட்டியை மடக்கியபடி மணிக்கணக்கில் உட்காருவதுதான் இந்த வலிக்குப் பிடித்த இடம். ஒரு பாபின் தீர்ந்ததும் எழுந்து நில்லுங்கள். நூல் சுற்றுவதை நின்றுகொண்டே செய்யுங்கள். ஸ்டூல் தாழ்வாக இருந்தால் தலையணை போட்டு உயர்த்துங்கள், முட்டி மடிவது குறையும். மோட்டார் போட முடிந்தால் போட்டுவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்டவை. ஜவ்வு திரும்ப வளருமா? தேய்ந்தது பழையபடி முளைக்காது. ஆனால் அது முளைக்காமலேயே வலி குறையும், அதற்குத்தான் மேலே இவ்வளவு சொன்னேன். ஆபரேஷன்? இந்த வயதில், இந்த நிலையில், உங்கள் டாக்டரே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீங்களாக ஏன் எடுக்கிறீர்கள்? புத்தூர் கட்டு எலும்பு முறிவுக்குப் போடுவது, இங்கே கட்டுவதற்கு எதுவும் உடையவில்லை. தைலம் தேய்த்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், சில்லுக்கு அடியில் போய் எதையும் வளர்க்காது. பெயர் ஒட்டாத பொட்டலத்தில் மூட்டுவலிப் பொடி என்று யாராவது கொடுத்தால் தொடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்து விற்கிறவர்கள் உண்டு. பத்து நாள் வலி பறந்துபோகும், அப்புறம் முகம் ஊதும், சுகர் ஏறும். டாக்டர் எழுதிய வலி மாத்திரையை அவர் சொன்ன நாளோடு நிறுத்துங்கள். அட்டையைக் காட்டி மெடிக்கலில் மறுபடி மறுபடி வாங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். எடையில் நாலு கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் 16 கிலோ பாரம் குறைகிற மாதிரி. முட்டி வீங்கிச் சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, மடங்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது திடீரென்று கால் விட்டுப் போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

அடுத்தது, ஒன்றும் சொல்ல முடியாத உங்கள் மகன். ஏன் சொல்ல முடியாது? கம்பெனிக்குக் கிளம்புவதற்கு முன் ஆறு குடம் தண்ணீர் தூக்கி வைத்தால் அவன் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார்களா? வரும் வழியில் காய் வாங்கி வந்தால் ஆண்பிள்ளைத்தனம் போய்விடுமா? பெற்ற தாய்க்குச் செய்வது பிள்ளைகளின் கடமை, அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் கடமை என்றால் இரண்டு பிள்ளைக்கும் கடமை. வீட்டுக்காரரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இருக்கிறார் என்றால் அவருக்கும் ஒரு குடம் கொடுங்கள். மகளை நிறுத்தியதற்குக் கடிதத்தில் சொல்லாத வேறு காரணம், வரன் பேச்சு அது இது என்று, ஏதாவது இருந்தால் அதை வீட்டில் வெளிப்படையாகப் பேசுங்கள். எல்லாவற்றையும் முட்டியின் தலையில் போடாதீர்கள்.

வரும் திங்கட்கிழமை மகளோடு நீங்களும் கிளம்புங்கள். 18 படியும் நீங்களே இறங்குங்கள், வலது கால் முதலில். டாக்டர் சீட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அவள் துறைத் தலைவரைப் பாருங்கள். வருகைக் குறைவுக்கு அபராதம் கட்டிப் பரீட்சை எழுத வழி இருக்கிறதா, இல்லையென்றால் விட்ட பாடங்களை எப்போது எழுதலாம் என்று கேளுங்கள். கேட்க வேண்டியவர் நீங்கள், அவள் இல்லை. அங்கேயும் மாடிப்படி இருந்தால் ஏறுங்கள்.

ஆறு வாரம் கழித்து முட்டி எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். பகலில், அவள் காலேஜில் இருக்கிற நேரத்தில், உங்கள் கையால். எழுத்துப்பிழை இருந்தால் நான் படித்துக்கொள்கிறேன்.