ரோலிங் செய்த பேட், உடைந்த தாடை: யார் மீது வழக்கு?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். சிறுவர்களுக்கான லிட்டில் லீக் பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசிய என் 12 வயது மகனின் தாடையில், எதிரணிப் பையன் அடித்த பந்து பட்டு எலும்பு முறிந்தது. அந்த பேட்டைப் பையனின் அப்பா காசு கொடுத்து ‘ரோலிங்’ செய்து வாங்கியதாக இப்போது தெரிகிறது. காயத்துக்கு யாரும் பொறுப்பல்ல என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அந்த பேட் இப்போது யாரிடம் இருக்கிறது? உங்கள் வழக்கின் உயிரே அதில்தான். பேட்டை அழிக்கவோ திருத்தவோ கூடாது என்று அந்த அப்பாவுக்கும் லீக்குக்கும் இந்த வாரமே வக்கீல் கடிதம் போகட்டும். ரோலிங் என்பது காம்போசிட் பேட்டை, அதாவது இழையும் பிசினும் கலந்து செய்த பேட்டை, இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு நெரிப்பது. உள்ளே இழையும் பிசினும் தளர்ந்து, பந்து வேகமாகத் தெறிக்கும். வெளியே பார்த்தால், ஆட்டத்துக்கு ஏற்ற பேட் என்று காட்டும் யுஎஸ்ஏ பேட் முத்திரை அப்படியே இருக்கும். நிபுணர் சோதித்தால்தான் தெரியும். பந்து வீசும் பையன் நிற்பதோ வெறும் 46 அடி தூரத்தில். திருத்திய பேட்டை லீக் விதி தடை செய்திருப்பது சும்மா இல்லை.

விளையாட்டில் பட்ட காயத்துக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, பொறுப்பற்ற துணிச்சல் இருந்திருக்க வேண்டும் என்று நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 1994-ல் ஒரு சாஃப்ட்பால் வழக்கில் சொன்னது. எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அந்த அளவுகோல் ஆடுபவர்களுக்கு. அப்பா ஆடவில்லையே என்று நான் வாதிடுவேன். தெரிந்தே செய்தார் என்று நிரூபித்தால் அந்த அளவுகோலையும் தாண்டிவிடலாம். பையனை விட்டுவிடுங்கள், அவனுக்கு என்ன தெரியும்?

கையெழுத்து பெரிய தடை அல்ல. பிள்ளையின் உரிமையைப் பெற்றோர் முன்கூட்டியே விட்டுக்கொடுத்தால் செல்லாது என்று அதே நீதிமன்றம் 2006-ல் ஒரு ஸ்கேட் பார்க் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் அது லாபத்துக்கு நடந்த இடம். லாப நோக்கமற்ற லீக்குக்கும் தன்னார்வப் பயிற்சியாளருக்கும் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆகவே பயிற்சியாளருக்கு முன்பே தெரியும் என்று சாட்சி கிடைத்தாலன்றி அந்தப் பக்கம் போக வேண்டாம். விற்ற பிறகு மாற்றிய பேட்டுக்காகத் தயாரிப்பாளரைப் பிடிப்பதும் கடினம். ரோலிங் செய்து கொடுத்த ஆளையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்த ரசீதைக் கேட்டு வாங்கலாம்.

மகன் 18 வயதை எட்டி இரண்டு ஆண்டு வரை அவன் பெயரில் வழக்குக்குக் காலக்கெடு உண்டு. மருத்துவச் செலவுக்கு முதலில் உங்கள் குடும்பக் காப்பீடு. மீதிக்கு லீக்கின் விபத்துக் காப்பீடு. அதற்கான படிவத்தை இப்போதே கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.